தேசிய அறிவியல் மாநாட்டுக்கு வந்தவர்கள் யார்? வருகைக் கணக்கைப் படிக்கும் முறை

இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் கூட்டம் 1914 ஜனவரி 15 முதல் 17 வரை கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியில் நடந்தது. வந்தவர்கள் 105 பேர், படிக்கப்பட்ட கட்டுரைகள் 35. தாவரவியல், வேதியியல், இனவரைவியல், நிலவியல், இயற்பியல், விலங்கியல் என ஆறு பிரிவுகள். தலைவர் அசுதோஷ் முகர்ஜி. யோசனை இரண்டு பிரிட்டிஷ் வேதியியலாளர்களுடையது. ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சைமன்சன், மற்றவர் லக்னோவில் பணியாற்றிய மக்மஹோன். அடுத்த ஆண்டே, 1915இல், இரண்டாவது கூட்டம் சென்னைக்கு வந்தது.

அந்தப் பழைய கணக்கில் கவனிக்க வேண்டியது விகிதம். மூன்று பேருக்கு ஒரு கட்டுரை. வந்தவர்களில் பெரும்பாலோர் பேச வந்தவர்கள், அல்லது பேசுபவரைக் கேள்வி கேட்கும் தகுதியோடு வந்தவர்கள். இன்று அறிவியல் மாநாட்டுச் சங்கம் தன் உறுப்பினர்கள் அறுபதாயிரத்துக்கு மேல் என்கிறது. ஆண்டுக் கூட்டத்துக்கு வரும் கட்டுரைகள் இரண்டாயிரத்தை ஒட்டி இருக்கும் என்கிறது. பத்திரிகைச் செய்திகளில் வருவதோ “ஆயிரக்கணக்கானோர் பங்கேற்பு” என்ற ஒரே வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு மாநாடு நன்றாக நடந்ததா, நாட்டின் அறிவியல் நிறுவனங்கள் அதைப் பொருட்படுத்தினவா என்று எதையும் சொல்ல முடியாது. வருகையை உண்டாக்குவது மாநாட்டின் தரம் மட்டுமல்ல. பதவி உயர்வு விதி, பயணப்படி விதி, தேதி, இடம், பணம் தருபவர் யார் என்பது எல்லாம் சேர்ந்துதான் அரங்கை நிரப்புகின்றன, அல்லது காலியாக்குகின்றன.

ஒரு எண்ணுக்குள் பல எண்கள்

மாநாட்டு அலுவலகத்தில் “வருகை” என்ற பெயரில் குறைந்தது ஐந்து எண்கள் கிடக்கும். இணையத்தில் படிவம் நிரப்பியவர்கள் முதல் எண். அவர்களில் கட்டணம் கட்டியவர்கள் அடுத்தது. நேரில் வந்து பதிவு மேசையில் பையும் அடையாள அட்டையும் வாங்கியவர்கள் மூன்றாவது. பிறகு, ஏதாவது ஓர் அமர்வில் உட்கார்ந்தவர்கள். கடைசியாக, கட்டுரை வழங்கியவர்கள். முதலிலிருந்து கடைசி வரை எண் இறங்கிக்கொண்டே போகும். எந்தப் படியில் செங்குத்தாக இறங்குகிறது என்பதுதான் நோய் எங்கே என்று காட்டும்.

படிவம் நிரப்பியவர்களுக்கும் கட்டணம் கட்டியவர்களுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், பெரும்பாலும் கல்லூரியில் பண ஒப்புதல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கட்டணம் கட்டியும் வராதவர்கள் அதிகம் என்றால் பயணச் சீட்டு அல்லது தங்குமிடச் சிக்கல். பை வாங்கியவர்கள் அரங்கில் இல்லை என்றால் நிகழ்ச்சி நிரலில் கோளாறு, அல்லது அவர்கள் வந்த நோக்கமே வேறு.

செய்திக்குப் போகும் எண்ணில் இந்த ஐந்துக்கும் அப்பாற்பட்ட கூட்டமும் சேர்ந்துவிடும். உடன் வரும் குடும்பத்தினர், கண்காட்சி ஸ்டாலில் நிற்கும் ஊழியர்கள், தொண்டர்களாக நிற்கும் நடத்தும் பல்கலைக்கழக மாணவர்கள், குழந்தைகள் மாநாட்டுக்குப் பேருந்தில் அழைத்து வரப்படும் பள்ளிப் பிள்ளைகள், கண்காட்சியைச் சுற்றிப் பார்க்க வரும் ஊர்மக்கள் எல்லோரும் அதில் உண்டு. அறிவியல் மாநாட்டில் “பிரைடு ஆஃப் இந்தியா” என்ற கண்காட்சி தனியே நடந்து வந்தது. இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ., சி.எஸ்.ஐ.ஆர். ஸ்டால்களில் ராக்கெட் மாதிரியின் பக்கத்தில் நின்று படம் எடுப்பவர்களின் வரிசை எப்போதும் நீளம். அது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வரிசையை மாநாட்டுப் பிரதிநிதிகள் கணக்கில் ஏற்றினால் இரண்டு வெவ்வேறு பொருளைக் கூட்டியதாகும். 2015இல் தொடங்கிய இந்திய சர்வதேச அறிவியல் விழா போன்றவற்றை இந்த மாநாட்டோடு ஒப்பிடும்போதும் இதே சிக்கல்தான். 2017இல் அந்த விழா சென்னையில் நடந்தது. விழா என்பதால் அங்கே வாசலைக் கடக்கும் கால்களை எண்ணுவது இயல்பு. ஒருவரே நான்கு நாளும் வந்தால் நான்கு. மாநாட்டில் அவர் ஒருவர்தான்.

தொடக்க விழாக் கூட்டத்தை வைத்து மதிப்பிடுவது இன்னும் மோசம். 1947இல் டெல்லிக் கூட்டத்துக்கு நேரு தலைமை ஏற்றார். அதன் பிறகு பிரதமர் வந்து தொடங்கி வைப்பது மரபாகவே ஆனது. ஜனவரி 3 என்ற தேதியும் வழக்கமானது. பிரதமர் வந்தால் பாதுகாப்புச் சோதனைக்காக வெகு முன்னதாக அரங்குக்குள் போயாக வேண்டும், பையைக் கொண்டுபோக முடியாது, நாற்காலி காலியாக இருக்கவும் கூடாது. எனவே நடத்தும் நிறுவனத்தின் மாணவர்கள் வந்து உட்காருவார்கள். அன்று காலை எண்ணிய தலைகள் நடத்தும் நிறுவனத்தின் ஆள்பலத்தைத்தான் காட்டும்.

உண்மையான எண் வேண்டுமானால் மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பிரிவு அரங்குகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அண்மைக் கூட்டங்களில் பிரிவுகள் 14. வேளாண்மை, கால்நடை, மானுடவியல், வேதியியல், புவி அமைப்பு, பொறியியல், சுற்றுச்சூழல், தகவல் தொழில்நுட்பம், பொருளறிவியல், கணிதம், மருத்துவம், புதிய உயிரியல், இயற்பியல், தாவரவியல் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். பொது அமர்வுகளுக்கு இரண்டு அரங்குகளைச் சேர்த்தால் 16. ஒரு கணக்குக்கு, 3000 பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பாதிப் பேர் உள்ளே இருந்தால் அரங்குக்குச் சராசரி 94 பேர். ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கிறார்கள் என்றால் அரங்குக்கு 38 பேர். அந்த 38இல் அடுத்துப் பேசக் காத்திருப்பவர்களையும், அவர்களோடு வந்த வழிகாட்டிகளையும், அமர்வுத் தலைவரையும், தொண்டர்களையும் கழித்தால் கேட்க வந்தவர் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

ஆய்வைத் தாளில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டி விளக்கும் போஸ்டர் அமர்வு இன்னும் நேர்மையான அளவுகோல். ஒதுக்கிய பலகைகள் எத்தனை, நண்பகலுக்குள் ஒட்டப்பட்ட போஸ்டர்கள் எத்தனை, அறிவித்த நேரத்தில் பக்கத்தில் ஆள் நின்றவை எத்தனை என்று மூன்று எண்களைக் குறித்தால் போதும். வெறும் பலகை பொய் சொல்லாது. ஒட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனவர்களும் மூன்றாவது எண்ணில் சிக்கிவிடுவார்கள்.

மூன்று மதிப்பெண்ணின் இழுவிசை

கல்லூரி ஆசிரியர் ஏன் வருகிறார்? அறிவியல் ஆர்வம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆர்வம் மட்டும் கூட்டத்தை இழுத்தால், கூட்டத்தின் அளவு விதிமாற்றங்களோடு சேர்ந்து ஏறி இறங்கத் தேவையில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறையில் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கணக்கிடும் மதிப்பெண்ணில், தேசிய மாநாட்டில் கட்டுரை வழங்கினால் 7.5, சர்வதேச மாநாடு என்றால் 10. 2018 விதிமுறை இதைச் சுருக்கியது. வெளிநாட்டில் நடக்கும் சர்வதேச மாநாட்டுக்கு 7, உள்நாட்டில் நடக்கும் சர்வதேச மாநாட்டுக்கு 5, தேசிய மாநாட்டுக்கு 3, மாநில அல்லது பல்கலைக்கழக அளவுக்கு 2. அதே அட்டவணையில் அறிவியல் துறை ஆய்விதழ்க் கட்டுரைக்கு அடிப்படை மதிப்பெண் 8. மேலும், கொள்கை ஆவணத்தையும் மாநாட்டு உரைகளையும் சேர்த்து வரும் மதிப்பெண் ஒருவருடைய மொத்த ஆய்வு மதிப்பெண்ணில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு 75 தேவை என்பதால், அந்த 75இல் மாநாடுகளின் வழியே அதிகபட்சம் 22.5தான் வரும். தேசிய மாநாடுகளை மட்டும் நம்பினால் எட்டு உரைகளில் அந்தக் கூரையை முட்டிவிடலாம். ஒன்பதாவதற்குப் போவதில் விதியளவில் லாபமில்லை.

தேசியத்துக்கு 3, உள்நாட்டுச் சர்வதேசத்துக்கு 5 என்ற இரண்டு மதிப்பெண் வேறுபாடு செய்த வேலையை எந்தக் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் பார்க்கலாம். “தேசியக் கருத்தரங்கு” என்ற பெயர் அருகிக்கொண்டே வருகிறது. மலேசியாவிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒருவர் ஜூமில் இருபது நிமிடம் பேசிவிட்டால் அது சர்வதேச மாநாடு. உண்மையிலேயே தேசிய அளவில் நடக்கும் ஒரு பெரிய மாநாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ரயிலில் போய் 3 வாங்குவதா, பக்கத்து ஊர்க் கல்லூரியில் 5 வாங்குவதா என்ற தேர்வை ஆசிரியர் முன் வைத்தது அவர் அல்ல, அட்டவணை.

ஆய்வு மாணவர்கள் கதை வேறு. 2016ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைப்படி, ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் மாநாடுகளில் இரண்டு கட்டுரை வழங்கலும் கட்டாயம். 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை அந்தக் கட்டாயத்தை நீக்கியது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் இன்னும் கேட்கின்றன என்றாலும், நாடு முழுவதும் ஒரே சீராக இருந்த தேவை போய்விட்டது. வருகைப் போக்கை ஆண்டுவாரியாக வரைபவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும், 2010, 2018 என்ற ஆசிரியர் விதி ஆண்டுகளையும் கோடு போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் விதி மாறியதால் ஏற்பட்ட சரிவை “இளைஞர்களுக்கு அறிவியலில் ஆர்வம் குறைகிறது” என்று எழுதிவிடுவோம்.

சான்றிதழை எப்போது கொடுப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். பதிவு மேசையிலேயே பையோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டாம் நாள் மதியத்தோடு வளாகம் வெறிச்சோடும். நிறைவு விழாவில்தான் என்றால் ஆட்கள் இருப்பார்கள், அரங்கில் அல்ல. உணவுக்கூடத்திலும் கண்காட்சியிலும் இருப்பார்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் கியூஆர் குறியீடு வைத்து, இத்தனை அமர்வுக்குக் குறையாமல் வந்தவர்களுக்கே சான்றிதழ் என்று சில இடங்களில் செய்கிறார்கள். சுவரில் ஒட்டிய குறியீட்டை முதல் ஆள் படம் எடுத்த இரண்டாவது நிமிடத்தில் அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். விடுதி அறையிலிருந்தே வருகை பதிவாகும். சரியான வழி நேர்மாறானது. குறியீடு பிரதிநிதியின் அட்டையில் இருக்க வேண்டும், வாசலில் தொண்டர் ஸ்கேன் செய்ய வேண்டும். ஆனால் ஒரு ஆளுக்கு 4 விநாடி என்றால் 300 பேருக்கு ஒரே வாசலில் 20 நிமிடம் ஆகும். அமர்வுகளுக்கு நடுவே 15 நிமிட இடைவெளிதான் விட்டிருந்தால் அடுத்த அமர்வு தாமதமாகும், தாமதம் நாள் முழுக்கத் தொற்றும். இரண்டு வாசல், இரண்டு ஸ்கேனர், உள்ளே போகும்போது மட்டும் பதிவு என்று வைத்தால் சமாளிக்கலாம்.

வருகையை அளப்பது மட்டுமே நோக்கம் என்றால் இவ்வளவும் வேண்டாம். அமர்வு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, பாதியில் ஒரு முறை, ஒரு தொண்டர் பின்வரிசையில் நின்று தலைகளை எண்ணி ஒரு தாளில் எழுதினால் போதும். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, தன் நண்பர் பேசியதும் எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்பதைக் காட்டும்.

தேதி, இடம், பில்

நிறுவனத்தின் பங்கேற்பு என்பது பெரும்பாலும் ஒரு கோப்பின் பயணம். ஆசிரியர் விண்ணப்பம் எழுதுவார், துறைத்தலைவர் பரிந்துரைப்பார், பணிநிமித்தமாக வெளியே போக முதல்வர் ஓ.டி. ஒப்புதல் தருவார், கணக்குப் பிரிவு தொகை ஒதுக்கும். கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் இல்லாமல் கோப்பு நகராது. ஜனவரி முதல் வாரக் கூட்டத்துக்குச் செப்டம்பர் நடுவில் கட்டுரைச் சுருக்கம் போய்ச் சேர வேண்டும் என்பது அறிவியல் மாநாட்டின் நீண்டகால நடைமுறையாக இருந்தது. ஏற்புக் கடிதம் நவம்பர் முடிவில் வந்தால், பணம் ஒப்புதலாகும்போது டிசம்பர் நடுவாகியிருக்கும். புத்தாண்டு நேரத்து ரயிலில் அப்போது இடம் இருக்காது.

மத்திய அரசு நிறுவன விஞ்ஞானிகளுக்கு இன்னொரு முடிச்சு. 2022இல் நிதியமைச்சகம் போட்ட உத்தரவுப்படி அரசுச் செலவில் விமானச் சீட்டை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும். 21 நாளுக்கு முன்பே எடுப்பது நல்லது என்கிறது உத்தரவு. பயணத்துக்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும். அமர்வுப் பட்டியலை மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்னால் வெளியிடும் அமைப்பாளர்கள், தாங்கள் இழக்கும் ஆட்கள் யார் என்பதை உணர்வதே இல்லை. சொந்தக் காசில் வரக்கூடிய உள்ளூர்க்காரர்கள் எப்படியும் வருவார்கள். விதிப்படி வர வேண்டிய தேசிய ஆய்வகத்துக்காரர் வரமாட்டார்.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. கடைசி நேரத்தில் ஒப்புதல் பெறுபவர்களுக்கு இது கொஞ்சம் சாதகம். இடத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினால் எந்த முன்பதிவு விதியும் உதவாது. 2018 ஜனவரியில் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் நடக்க வேண்டிய 105ஆவது மாநாடு, பாதுகாப்புச் சூழலைக் காரணம் காட்டி 2017 டிசம்பரில் கைவிடப்பட்டது. பிறகு மார்ச் 16 முதல் 20 வரை இம்பாலில் மணிப்பூர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. வடகிழக்குக்கு மாநாடு போனது நல்லதே. ஆனால் ஜனவரி என்பது செமஸ்டர் இடைவெளி, மார்ச் என்பது பாடம் முடிக்கும் நெருக்கடி. ஹைதராபாத்துக்கு நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ரயில் உண்டு. இம்பாலுக்கு ரயில் கிடையாது, டிமாப்பூரில் இறங்கி மலைப்பாதையில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டும். அந்த ஆண்டு வருகையை முந்தைய ஆண்டுத் திருப்பதியோடு ஒப்பிட்டு ஏற்றம் இறக்கம் பேசுவதில் பொருளில்லை.

நடத்தும் நிறுவனத்தின் தேர்வும் இப்படித்தான் வேலை செய்கிறது. 2011இல் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்., 2019இல் பஞ்சாபில் லவ்லி புரொஃபஷனல் பல்கலைக்கழகம் என்று பெரிய தனியார் வளாகங்கள் மாநாட்டை ஏற்றதற்குக் காரணங்கள் தெளிவு. பல அரங்குகள் ஒரே சுவருக்குள் கிடைக்கும், விடுதிகள் உண்டு, மாணவர் கூட்டம் கைவசம் இருக்கும். நிறுவனத்துக்கு விளம்பரம். ஆனால் மாணவர்கள் கைவசம் இருக்கும் இடத்தில்தான் வருகை எண் அதிகமாக ஊதும்.

பயணச் செலவுக்கு ஒரு சிறு குறிப்பு. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில், மாநாடுகளுக்குப் போக நிதியுதவி பெற்ற ஆசிரியர்களின் விழுக்காடு ஓர் அளவுகோல். எனவே ஒருவருக்கு முழுச் செலவும் கொடுப்பதைவிட, ஐந்து பேருக்குப் பதிவுக் கட்டணம் மட்டும் கொடுப்பது கல்லூரிக்கு லாபம். தூரத்து மாநாட்டுக்கு ஆள் வராமல், பக்கத்து மாவட்டக் கருத்தரங்குக்கு வேன் நிறைய ஆசிரியர்கள் போவதன் பின்னணி இதுவும்தான்.

எத்தனை நிறுவனங்கள் என்ற கேள்வி

“350 நிறுவனங்கள் பங்கேற்றன” போன்ற அறிவிப்புகளை நம்புவதற்கு முன் அந்தப் பட்டியலைக் கண்ணால் பார்க்க வேண்டும். படிவத்தில் நிறுவனப் பெயரைத் தட்டச்சு செய்ய விட்டிருந்தால் “அண்ணா பல்கலைக்கழகம்”, “அண்ணா யுனிவர்சிட்டி, சென்னை-25”, “சி.இ.ஜி., கிண்டி”, “ஏ.சி. டெக்” என்று ஒரே பல்கலைக்கழகம் நான்கு வரிகளில் நிற்கும். நேர்மாறான பிழையும் உண்டு: இணைப்புக் கல்லூரி ஆசிரியர் தன் கல்லூரியை எழுதாமல் பல்கலைக்கழகத்தை எழுதுவார், இருபது கல்லூரிகள் ஒன்றாகிவிடும். பல ஆய்வகங்களுக்குத் தலைமை அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். என்று போட்டால், அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனமும் காரைக்குடி மின்வேதியியல் நிறுவனமும் தரமணி கட்டமைப்புப் பொறியியல் மையமும் ஒன்றா, மூன்றா?

தீர்வு எளிது. உயர்கல்வி நிறுவனங்களுக்கு அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் தனி எண் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு யு, கல்லூரிக்கு சி என்று தொடங்கும். படிவத்தில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான்கு அண்ணா பல்கலைக்கழகங்கள் ஒன்றாகும். அந்த ஆய்வில் வராத இஸ்ரோ, சி.எஸ்.ஐ.ஆர்., அணுசக்தித் துறை மையங்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே தயாரிக்க வேண்டும். தலைமை அமைப்பை எண்ணுவதா, ஆய்வகத்தை எண்ணுவதா என்பதையும் அறிவித்துவிட வேண்டும். மாநாடு முடிந்தபின் உட்கார்ந்து சுத்தம் செய்வது பல நாள் வேலை, அதைச் செய்ய அப்போது யாருக்கும் பொறுமை இருக்காது.

பெயர்களைச் சரிசெய்த பிறகும் நிறுவனங்களின் எண்ணிக்கை ஏமாற்றும். 1000 பிரதிநிதிகளில் 700 பேர் நடத்தும் நிறுவனத்திலிருந்தும், மற்ற 300 பேர் ஆளுக்கொரு நிறுவனத்திலிருந்தும் வந்தால் கணக்கில் 301 நிறுவனங்கள். பரவலை அளக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கையும் பின்னமாக எழுதி, வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் ஒன்றை வகுக்க வேண்டும். இங்கே 0.7இன் வர்க்கம் 0.49, மற்ற 300 பேரின் பங்குகளுடைய வர்க்கங்கள் எல்லாம் சேர்ந்தும் 0.0003. ஒன்றை 0.4903ஆல் வகுத்தால் 2.04. அதாவது 301 நிறுவனங்கள் என்று தோன்றிய மாநாட்டின் உண்மைப் பரவல் இரண்டு நிறுவன அளவே. அதே 1000 பேர் பத்து நிறுவனங்களிலிருந்து நூறு நூறாக வந்திருந்தால் விடை 10. பட்டியல் சிறியது, பரவல் பெரியது.

இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்: நிறுவனத்திலிருந்து யார் வந்தார்? இயக்குநர் வந்து பொது அமர்வில் பேசிவிட்டு மாலை விமானத்தில் கிளம்புவதும், மக்கள் தொடர்பு அலுவலர் ஸ்டாலில் ஐந்து நாள் நிற்பதும், ஆய்வுக் குழுவினர் கட்டுரை வழங்குவதும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். அறிவியல் மாநாட்டில் பல பத்தாண்டுகளாக நடந்தது இதுவே. தேசிய ஆய்வகங்கள் ஸ்டாலில் இருந்தன, மேடையில் இருந்தன. பிரிவு அரங்குகளில் அவற்றின் ஆய்வாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அவர்கள் எங்கே போனார்கள் என்பதில் மர்மம் இல்லை. இயற்பியலாளருக்கு அணுசக்தித் துறையின் திடநிலை இயற்பியல் கருத்தரங்கு டிசம்பரில் இருக்கிறது. வானியலாளருக்கு வானியல் கழகக் கூட்டம். கணிதத்துக்கு 1907இல் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகம். தன் துறையின் நுணுக்கம் தெரிந்த நூறு பேர் முன் பேசுவதும், பதினான்கு துறைகள் கூடும் இடத்தில் கிடைத்த பத்து நிமிடத்தில் பேசுவதும் ஒன்றல்ல. 1914இல் துறைக் கழகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. எல்லோரும் ஒரு கூரையின் கீழ் கூடுவது தேவையாக இருந்தது. அந்தத் தேவை தீர்ந்த பிறகும் வடிவம் மாறவில்லை. சிதம்பரத்தில் பிறந்து வேதியியல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் 2016 ஜனவரியில் இந்த மாநாட்டை சர்க்கஸ் என்று சொன்னார். ஒரு நாள் போய்ப் பார்த்ததில் அறிவியல் மிகக் குறைவாகவே பேசப்பட்டது என்பது அவர் குறை. அதற்கு முந்தைய ஆண்டு மும்பைக் கூட்டத்தில் வேதகாலத்திலேயே விமானம் இருந்தது என்று சொன்ன உரை உலகச் செய்தியானது. அப்படி ஒரு உரை தலைப்புச் செய்தியாகும் இடத்தில் தன் பெயரைப் போட இளம் ஆய்வாளர் தயங்குவது இயல்பு. நல்லவர்கள் விலக விலக, தேர்வுக் குழுவில் கறாராக இருக்கும் ஆட்களும் குறைகிறார்கள். அடுத்த அபத்தம் நுழைய வாசல் இன்னும் அகலமாகிறது.

பணம் நின்றபோது

இந்தப் பின்னணியில்தான் 2023ஐப் பார்க்க வேண்டும். கொரோனாவால் 2021, 2022 கூட்டங்கள் நடக்கவில்லை. 108ஆவது கூட்டம் 2023 ஜனவரியில் நாக்பூரில் நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, நிதி முறைகேடுகளைக் காரணம் காட்டி ஆதரவை விலக்கிக்கொண்டது. சங்கம் குற்றச்சாட்டை மறுத்து நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த கூட்டத்தின் இடம் லக்னோ பல்கலைக்கழகத்திலிருந்து பஞ்சாபுக்கு மாற்றப்பட்டதிலும் இரு தரப்புக்கும் தகராறு. கடைசியில் அங்கே நடத்தவிருந்த லவ்லி புரொஃபஷனல் பல்கலைக்கழகமும் பின்வாங்க, 2024 ஜனவரி 3 அன்று மாநாடு இல்லை.

யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் வேலை. வருகைக் கணக்கைப் படிப்பவருக்கு வேறு செய்தி இருக்கிறது. அறுபதாயிரம் உறுப்பினர்கள் உள்ள சங்கம், ஒரு துறையின் மானியம் நின்றதும் ஒரு கூட்டத்தைத் தன் கட்டண வருவாயில் நடத்த முடியாமல் போனது. உறுப்பினர் பட்டியலின் நீளமும் பங்கேற்பின் ஆழமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. மாநாடு இல்லாமல் தவித்தோம் என்று ஐ.ஐ.டி.க்களோ தேசிய ஆய்வகங்களோ குரல் எழுப்பியதாகவும் தெரியவில்லை. இழப்பு வேறு இடத்தில் விழுந்தது. மாவட்டத் தலைநகரக் கல்லூரி ஆசிரியருக்கும், மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு மாணவருக்கும், ஆண்டுக்கு ஒரு முறையாவது வேறு மாநிலத்துக்காரர் முன் தன் வேலையை வைக்க இருந்த இடம் அது. துறைக் கழகக் கூட்டங்களின் வாசல் அவர்களுக்கு அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை.

2025 நவம்பர் 3 முதல் 5 வரை டெல்லி பாரத் மண்டபத்தில் அரசே நடத்திய வளர்ந்துவரும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க மாநாட்டில் 3000க்கு மேற்பட்டோர் பங்கேற்றார்கள் என்பது அரசின் கணக்கு. அமைப்பே வேறு: உறுப்பினர் சங்கம் கிடையாது, பாடப்பிரிவுகளுக்குப் பதில் 11 கருப்பொருள்கள், அமைச்சகங்களும் தொழில்துறையும் முன்வரிசையில். அந்த 3000ஐயும் பழைய மாநாட்டின் எண்களையும் ஒரே வரைபடத்தில் போடுபவர்கள் குறைந்தது அடிக்குறிப்பாவது எழுத வேண்டும்.

இனி யார் நடத்தினாலும், மாநாடு முடிந்த ஒரு மாதத்துக்குள் ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணையை வெளியிடுவது கஷ்டமான காரியமல்ல. கட்டணம் கட்டியவர்கள், வந்தவர்கள், கட்டுரை வழங்கியவர்கள் மூன்று தனி வரிகளில் வேண்டும். பள்ளி மாணவர்களும் கண்காட்சிப் பார்வையாளர்களும் வேறு வரியில். நடத்தும் நிறுவனத்தின் பங்கு, நடத்தும் மாநிலத்தின் பங்கு, முதல் பத்து நிறுவனங்களின் பங்கு ஆகியவை விழுக்காட்டில். ஏற்கப்பட்ட கட்டுரைகளில் எத்தனை உண்மையில் வழங்கப்பட்டன என்பது பிரிவுவாரியாக. இவையெல்லாம் பதிவு மென்பொருளிலும் அமர்வுத் தலைவர்கள் கையெழுத்திட்ட தாள்களிலும் ஏற்கெனவே இருப்பவை. அந்தத் தாள்கள் நடத்தும் கல்லூரியின் ஏதோ ஓர் அலமாரியில், பயன்பாட்டுச் சான்றிதழுக்கான 12-ஏ படிவத்தின் நகலோடு கட்டி வைக்கப்பட்டு, தணிக்கை முடிந்ததும் பழைய பேப்பருக்குப் போகின்றன.